வானொலி அன்பர்

வைகறைப் பொழுது. காகமும் இன்னும் கரையவில்லை. தெருவில் விளக்கெரியும் வீடு ஒன்றே ஒன்றுதான். அவ்வீட்டு மாடியறையில் ஒருவர் இரு செவிகளிலும் ஹெட்போனைப் பொருத்திக்கொண்டு, முன்னே உள்ள பெட்டியின் குமிழை மெல்ல மெல்லத் திருகுகின்றார். மழை பெய்வது போன்ற இரைச்சல் கேட்கின்றது. இடையிடையே, எங்கோ தொலைவில் வெட்டிய மின்னலின் படபடப்பு. பிறகு, கிணற்றின் அடியிலிருந்து எழுவது போல மெலிந்ததொரு குரல். அவர் கை நிற்கின்றது; மூச்சையும் அடக்கிக்கொண்டு கேட்கின்றார். அக்குரல் இத்தாலி நாட்டிலிருந்து வருகின்றது. அங்கே நள்ளிரவு கடந்துவிட்டது. உறக்கம் துறந்த ஒருவர் ஆங்கு அமர்ந்து, ‘கேட்பார் எவரேனும் உளரோ?’ என்று அழைத்துக்கொண்டிருக்கின்றார். இவர் தம் நிலையத்தின் பெயரைச் சொல்லி விடையிறுக்கின்றார். இருவரும் முன்பின் கண்டறியாதவர். இனிக் காணப்போவதும் அரிது. ஆயினும் பழகிய நண்பர் போல ஐந்து நிமிடம் உரையாடுகின்றனர். ஊர்ப்பெயர், வானிலை, கருவியின் ஆற்றல், ஒலியின் தெளிவு ஆகியவற்றைக் கூறிக்கொள்கின்றனர்; வணக்கம் சொல்லிப் பிரிகின்றனர். காகம் கரைகின்றது. இவர் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதி வைத்துவிட்டு நீராடச் செல்கின்றார். ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் இருக்க வேண்டுமே!

இத்தகையோரை ‘அமெச்சூர்’ என்பர். ‘அன்பு செய்பவர்’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழியாக வந்தது அது. கூலி கருதாமல் அன்பு கருதி ஒரு கலையைப் பயில்பவர் என்பது கருத்து. ஆதலின், வானொலி அன்பர் என்று இவரைக் குறித்தல் பொருந்தும். ‘ஹாம்’ என்னும் பெயரும் உலகெங்கும் வழங்குகின்றது. அப்பெயர் பிறந்த வரலாறாகக் கதைகள் பல சொல்லப்படுகின்றன; அவற்றுள் உறுதியாகக் கொள்ளத்தக்கது ஒன்றும் இல்லை. வானொலி என்றவுடன் நாம் கேட்கும் நிலையங்களே நம் நினைவுக்கு வருகின்றன. அங்கே ஒருவர் பேசப் பல்லாயிரவர் கேட்பர். வானொலி அன்பரோ பேசவும் செய்கின்றார், கேட்கவும் செய்கின்றார். உண்மையில், அவர் பேசும் நேரம் சிறிது. கேட்கும் நேரமே பெரிது.

விரும்பியவர் எல்லாரும் விரும்பியவாறு அலைகளைப் பரப்பிவிட முடியாது. மின்னியலின் அடிப்படைகளிலும் வானொலி விதிகளிலும் தேர்வெழுதித் தேறி, அரசின் உரிமம் பெறுதல் வேண்டும். இந்தியாவில் பன்னிரண்டு வயது நிறைந்த சிறுவரும் இத்தேர்வை எழுதலாம். உரிமத்தோடு கட்டுப்பாடுகளும் உடன் வரும். செய்தி அனுப்பக் கூலி பெறலாகாது, வாணிகம் பேசலாகாது, பொருளை மறைக்கும் மறைமொழியில் உரையாடலாகாது. உரிமம் பெற்ற ஒவ்வொருவர்க்கும் எழுத்தும் எண்ணும் கலந்த அழைப்புப் பெயர் ஒன்று உண்டு. உலகில் ஒருவர் பெயரைப் போல மற்றொருவர்க்கு இராது. இந்தியர்களின் பெயர்கள் ‘வி.யு.’ என்று தொடங்கும். 1999-ஆம் ஆண்டுவரை ஜோர்டான் நாட்டை ஆண்ட உசேன் மன்னரும் ஒரு வானொலி அன்பரே. அலைகளில் அவர் பெயர் ‘ஜே.ஒய்.1’ என்பது. பட்டமும் பதவியும் அங்கே பெயரோடு ஒட்டுவதில்லை. பல நாட்டு எளிய மக்களும் அவரோடு நிகராக நின்று உரையாடினர்.

வாயால் பேசுவதோடு, மோர்ஸ் குறிகளால் பேசும் வழக்கமும் இவர்களிடம் மறையாமல் இருக்கின்றது. அரசின் தந்திப் பணி இந்தியாவில் 2013-ஆம் ஆண்டில் முடிவுற்றது. ஆயினும் வானொலி அன்பரின் மேசைமீது தந்திச் சாவி இன்றும் ஒலிக்கின்றது. குற்றொலி, நெட்டொலி என்னும் இரண்டே ஒலிகளால் ஆயது அம்மொழி. தமிழ் பயில்வார்க்கு இதன் இலக்கணம் புதுமையாகத் தோன்றாது. தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. மோர்ஸ் முறையில் குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு மூன்று. எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே மூன்று மாத்திரை மௌனம். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே ஏழு. மாத்திரை பிழைத்தால் செய்யுள் கெடுவது போல, இங்கே செய்தி கெடும். தேர்ந்தவர் குறிகளை எண்ணிக்கொண்டிருப்பதில்லை. ஒவ்வோர் எழுத்தும் ஒரு சந்தமாகவே அவர் செவியில் விழும். பேச்சொலி இரைச்சலில் மூழ்கிப்போகும் வேளையிலும் இவ்வொலி மேலே மிதந்து கேட்கும் என்பதே இதன் சிறப்பு.

உரையாடல் ஒவ்வொன்றும் குறிப்பேட்டில் ஏற வேண்டும். நாள், நேரம், எதிர் நிலையத்தின் பெயர், கேட்ட தெளிவு, ஒலியின் வலிமை ஆகியவை அதில் இடம்பெறும். ஒன்று முதல் ஐந்துவரை தெளிவுக்கும், ஒன்று முதல் ஒன்பதுவரை வலிமைக்கும் மதிப்பெண் உண்டு. நேரத்தைத் தம் ஊர்க் கடிகாரப்படி எழுதாமல், உலகப் பொது நேரப்படி எழுதுவர். நமக்குக் காலை ஐந்தரை மணி என்பது அக்கணக்கில் ஒரு நாளின் தொடக்கமாகிய பூச்சிய மணி. பிறகு இருவரும் அஞ்சலட்டை போன்ற அட்டைகளை ஒருவர்க்கொருவர் அனுப்பிக்கொள்வர். அட்டையில் தம் ஊர்க் கோயிலையோ மலையையோ கலங்கரை விளக்கத்தையோ அச்சிடுவோர் பலர். பழைய அன்பர் ஒருவரின் அட்டைப் பெட்டியைத் திறந்தால் நிலநூல் ஒன்றையே திறந்தது போலாகும். கணிப்பொறி வழியாக நொடியில் உறுதி அனுப்பும் முறை வந்த பின்னரும், அஞ்சற்காரர் கொணரும் அட்டைக்குள்ள மதிப்புக் குறையவில்லை.

இனி, அவர் வீட்டுக் கூரையை நோக்குவோம். மரத்துக்கும் மாடிச் சுவருக்கும் இடையே செம்புக் கம்பியொன்று கட்டப்பட்டிருக்கின்றது. அதுவே ஏரியல். அதன் நீளம் மனம்போனவாறு அமைந்ததன்று. எந்த அலையில் பேச விரும்புகின்றாரோ, அவ்வலையின் நீளத்தில் ஏறத்தாழப் பாதி இருக்குமாறு கம்பி அளந்து வெட்டப்படும். நாற்பது மீட்டர் அலைக்கு இருபது மீட்டர்க் கம்பி வேண்டும். காற்றடித்தால் கம்பி அறும். மழை பெய்தால் இணைப்பில் நீர் புகும். காகங்கள் வரிசையாக வந்து அமரும். வீட்டார் துணி உலர்த்தக் கயிறு கட்ட வந்தால் அங்கே ஒரு வழக்குத் தோன்றும். பக்கத்து வீட்டு மின்விளக்கும் நீரிறைக்கும் மோட்டாரும் எழுப்பும் இரைச்சல் வேறு. இன்ன வீட்டுப் பொறி இன்ன நேரத்தில் இயங்கும் என்பதை அவ்வீட்டுக்காரரைவிட இவர் நன்கறிவார் எனலாம். விடுமுறை நாள்களில் சாலிடர் புகையின் நடுவே அமர்ந்து, பழுதுற்ற பகுதியைத் தாமே மாற்றுவார். கடையில் வாங்கிய கருவியால் ஆயிரம் பேரோடு பேசுவதினும், தம் கையால் அமைத்த சிறு கருவியால் ஒருவரோடு பேசுவது பெரிது என்று எண்ணுவோர் இவர்களுள் பலர். அவ்வெண்ணம் நியாயமானதே.

இவர் நாள்தோறும் நோக்கும் பொருள்களுள் தலையாயது ஞாயிறு. பேசுவது வானொலியில், நோக்குவது ஞாயிற்றையா என்று கேட்கலாம். நிலவுலகின்மீது ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் உயரத்துக்கு மேல், ஞாயிற்றின் கதிர்களால் மின்னூட்டம் பெற்ற காற்று அடுக்கடுக்காக இருக்கின்றது. இதனை அயனி மண்டலம் என்பர். சிற்றலைகள் நேரே வான்வெளிக்குப் போய்விடாமல் அம்மண்டலத்தில் வளைந்து, மீண்டும் நிலத்துக்கு இறங்குகின்றன. நிலத்தில் பட்டு மறுபடியும் மேலே செல்கின்றன. இவ்வாறு துள்ளித் துள்ளி அவை கடல்களைக் கடக்கும். அம்மண்டலத்தின் தன்மை பொழுதுக்குப் பொழுது மாறும். பகலில் கீழடுக்கு நாற்பது மீட்டர் அலையை உறிஞ்சிவிடுவதால், அவ்வலை சில நூறு கிலோமீட்டர் எல்லையில் நின்றுவிடும். பொழுது சாய்ந்ததும் அவ்வடுக்குக் கலையும். அண்டை மாவட்டத்தோடு பேசிக்கொண்டிருந்த அதே கம்பி கண்டங்களோடு பேசத் தொடங்கும். இருபது மீட்டர் அலையோ பகலிலேயே நெடுந்தொலைவு செல்லும். இரவும் பகலும் கூடும் அந்தி வேளையிலும் வைகறையிலும் சில நிமிடம் மட்டும், வேறெப்பொழுதும் கேளாத நாட்டின் குரல் கேட்கும். நம் அன்பர் வைகறையில் எழுந்ததன் காரணம் இதுவே.

ஞாயிற்றின் முகத்தில் தோன்றும் கரும்புள்ளிகள் ஏறத்தாழப் பதினோர் ஆண்டுக்கு ஒருமுறை பெருகுவதும் அருகுவதுமாக இருக்கின்றன. கொடைக்கானல் மலையிலுள்ள ஆய்வு நிலையத்தில் நூறாண்டுக்கு மேலாக இவற்றைப் படமெடுத்து வைத்திருக்கின்றனர். புள்ளிகள் பெருகிய ஆண்டுகளில் பத்து மீட்டர் அலை திறந்துகொள்ளும்; ஒரு சிறு விளக்கை எரிக்கும் அளவு மின்னாற்றலே உலகைச் சுற்றிவரப் போதுமானதாகிவிடும். அருகிய ஆண்டுகளில் அதே அலை பாழ்ங்கிணறு போல ஒலியற்றுக் கிடக்கும். முதிய அன்பர்கள் தம் வாழ்வில் இத்தகைய பெருக்கு ஐந்தாறு கண்டதாகச் சொல்வர். உழவர் பெருமழை பெய்த ஆண்டுகளைச் சொல்வது போன்றது அது.

இச்சிற்றலைகளின் அருமையை முதலில் உலகுக்குக் காட்டியவர்களும் வானொலி அன்பர்களே. நீண்ட அலைகளே நெடுந்தொலைவு செல்லும் என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிஞர்களின் துணிபு. ஆகவே 1912-ஆம் ஆண்டில் அமெரிக்கச் சட்டம், நல்லவை எனக் கருதிய அலைகளை அரசுக்கும் கப்பல்களுக்கும் ஒதுக்கிவிட்டு, இருநூறு மீட்டரும் அதற்குக் குறைந்தனவுமான அலைகளை அன்பர்களுக்கு விட்டது. பயனற்ற நிலத்தை ஏழைக்குத் தானம் செய்வது போன்ற செயல் அது. அந்நிலத்தை அவர்கள் உழத் தொடங்கினர். 1921 டிசம்பரில் அமெரிக்க அன்பர்களின் குறிகள் கடல் கடந்து செல்கின்றனவா என அறிவதற்குப் பால் காட்லி என்பவர் ஸ்காத்லாந்துக்குச் சென்றார். ஆர்ட்ராசன் என்னும் கடற்கரையூரில் கூடாரமடித்து, குளிரிலும் மழையிலும் இரவு முழுதும் கேட்டிருந்தார். இருபதுக்கும் மேற்பட்ட அமெரிக்க நிலையங்கள் அவர் செவிக்கு எட்டின. 1923 நவம்பரில் பிரான்சு நாட்டு லியோன் தெலுவா என்பவரும் அமெரிக்க அன்பர்களும், ஏறத்தாழ நூற்றுப்பத்து மீட்டர் அலையில் இருபுறமும் உரையாடினர்.

அதற்கு அடுத்த ஆண்டில் நிகழ்ந்தது பள்ளி மாணவர்க்குப் பெருமை தருவது. இலண்டனின் வடபகுதியிலுள்ள மில் ஹில் பள்ளியில் செசில் கோய்டர் என்னும் பதினெட்டு வயது மாணவர் பயின்றுவந்தார். பள்ளியிலேயே ஒரு வானொலி நிலையத்தை அமைத்திருந்தார். 1924 அக்டோபர் 18-ஆம் நாள் அவர் விடுத்த குறிகளுக்கு, உலகின் மறுகோடியிலிருந்து விடை வந்தது. விடையிறுத்தவர் நியூசிலாந்து நாட்டில் ஆட்டுப்பண்ணை நடத்திய பிராங்க் பெல் என்பவர். இடைத்தொலைவு 18,000 கிலோமீட்டருக்கும் மிகுதி. நிலவுலகில் இதனினும் நெடுந்தொலைவு காண்பது கடினம். பேராசிரியர்கள் பயனற்றவை என்று ஒதுக்கிய அலைகளைக் கொண்டு ஒரு மாணவரும் ஒரு பண்ணையாளரும் உலகின் இரு முனைகளையும் இணைத்துவிட்டனர். அயனி மண்டலம் உண்டென்பதை எட்வர்டு ஆப்பிள்டன் என்னும் அறிஞர் ஆய்ந்து நிறுவியது அவ்வாண்டு டிசம்பரில்தான். பெல் அவர்கள் பண்ணைத் தொழிலில் கருத்தூன்றியபோது, அவர் தமக்கை பிரெண்டா அந்நிலையத்தை ஏற்று நடத்தினார். நியூசிலாந்தின் முதல் பெண் வானொலி அன்பர் அவரே.

கோய்டரின் கதை அங்கே முடியவில்லை. 1936-ஆம் ஆண்டில் அவர் அகில இந்திய வானொலியின் தலைமைப் பொறியாளராக நம் நாட்டுக்கு வந்தார்; பத்தாண்டுக் காலம் பணியாற்றினார். பரந்த இந்தியாவெங்கும் ஒலி எட்ட வேண்டுமாயின் சிற்றலையே வழி என்பதை அவரினும் நன்கறிந்தவர் யார்? சென்னை நிலையம் 1938 ஜூன் 16-ஆம் நாள் ஒலிக்கத் தொடங்கியது அவர் காலத்தில்தான். ஆயினும் சென்னை அதற்கு முன்னரே வானொலியை அறிந்திருந்தது. கோய்டர் நியூசிலாந்தை எட்டிய அதே 1924-ஆம் ஆண்டில், சி. வி. கிருஷ்ணசாமிச் செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றி, நகர மக்களுக்கு ஒலிபரப்பியது. பொருள்முட்டால் மூன்றாண்டில் அது ஓய்ந்தது. அதன் கருவியைப் பெற்ற மாநகராட்சி 1930-ஆம் ஆண்டில் ஒலிபரப்பைத் தொடர்ந்தது. சென்னை வானொலியின் வேர், அன்பர்களின் கழகமொன்றில் இருக்கின்றது.

விடுமுறை வந்தால் பிறர் கோடைவாழிடத்துக்கும் திருத்தலத்துக்கும் செல்வர். வானொலி அன்பரும் செல்வார். ஆனால் அவர் பெட்டியில் துணிமணி குறைந்திருக்கும். சிறு கருவி, மின்கலம், சுருட்டிய கம்பி, தூண்டிற்கோல் போல நீளும் கம்பம் ஆகியவை இடத்தை அடைத்துக்கொள்ளும். மலைமுடி ஒன்றை அடைந்ததும், காட்சியைக் காணுமுன் கம்பம் நடுவார். உயரத்தில் இரைச்சல் இல்லை, கம்பிக்குத் தடையில்லை, ஊரில் கேளாத மெல்லிய ஒலியும் அங்கே தெளிவாகக் கேட்கும். மலைமுடிகளிலிருந்து பேசுவதற்கென்றே 2002-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு திட்டம் தோன்றிப் பல நாடுகளுக்குப் பரவியது. தீவுகளுக்கென 1964-ஆம் ஆண்டிலேயே ஒரு திட்டம் எழுந்தது. உலகின் தீவுக்கூட்டங்களுக்கெல்லாம் அதில் எண் உண்டு. ஆசியத் தீவுகளின் வரிசையில் முதல் எண்ணைப் பெற்றது அந்தமான்.

முதல் எண்ணைப் பெற்றிருந்தும், அந்தமானின் குரல் அலைகளில் கேட்பது அரிதாக இருந்தது. நாட்டின் காவல் கருதி ஆங்கு உரிமம் எளிதில் வழங்கப்படவில்லை. 1987-ஆம் ஆண்டில் ஒருமுறை ஒலித்த பின்னர் நெடுங்காலம் மௌனமே நிலவியது. பாரதி பிரசாத் என்னும் அம்மையார் விடாது முயன்று இசைவு பெற்றார். ஐதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் சார்பில், 2004 டிசம்பர்த் தொடக்கத்தில் அவர் தலைமையில் ஒரு குழு போர்ட் பிளேர் நகரை அடைந்தது. (அந்நகர் 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டது.) விடுதியொன்றில் நிலையம் அமைந்தது. பதினேழு ஆண்டுப் பசியோடு காத்திருந்த உலகம் அழைப்பைக் கேட்டவுடன் முண்டியடித்தது. ஒருவர் பெயர்மேல் ஒருவர் பெயர் விழ, நூறு குரல்கள் ஒருங்கே எழும்; அவற்றுள் ஒன்றைப் பிரித்தெடுத்து, சரியாக எழுதி, உறுதி செய்து, அடுத்ததற்குச் செல்ல வேண்டும். அம்மையார் மூன்று வாரம் இரவும் பகலும் இதனைச் செய்தார். பயன் என்ன என்று வெளியார் கேட்டிருந்தால், அட்டை சேர்க்கும் விளையாட்டு என்பதற்கு மேல் விடை கூறுதல் கடினமாகவே இருந்திருக்கும்.

டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை மணி ஆறு இருபத்தொன்பது. அம்மையார் கருவியின் முன்னே இருந்தார். அறை நடுங்கியது. நிலம் நடுங்குகின்றது என்னும் சொல் ஒலிவாங்கியில் விழுந்தது. உடனே மின்சாரம் நின்றது. சுமத்திராவுக்கு மேற்கே கடலடியில் எழுந்த பெருநடுக்கம் அது. தொடர்ந்து ஆழிப்பேரலை தீவுகளின்மேல் ஏறியது. அதே அலை சில மணி நேரத்தில் நாகப்பட்டினத்தையும் கடலூரையும் இலங்கையின் கரையையும் தாக்கியது. அந்தமானிலும் நிக்கோபாரிலும் தொலைபேசிகள் ஓய்ந்தன. தீவு தீவாக, ஒன்றன் நிலை மற்றொன்றுக்குத் தெரியாமல் போயிற்று.

அன்று பகலிலேயே குழுவினர் கருவிகளை அறையிலிருந்து திறந்தவெளிக்குக் கொணர்ந்து, நிலையத்தை மீண்டும் இயக்கினர். பெருநிலத்தில் அன்றாடம் செவிமடுத்திருந்த அன்பர்கள் அவர்கள் குரலை அடையாளம் கண்டனர். விளையாட்டு அழைப்புகள் அக்கணமே நின்றன. அரசு அலுவலர்களின் செய்திகள் அந்நிலையத்தின் வழியே சென்றன. பின்னர்க் குழுவைச் சேர்ந்த சிலர் பேரழிவுக்கு உள்ளான கார் நிக்கோபாருக்குச் சென்று, அங்கும் ஒரு நிலையத்தை நிறுவினர். இரு தீவுகளும் பேசலாயின.

அச்செய்திகள் எத்தகையவை? பெரும்பாலும் ஒரு பெயர், ஓர் ஊர், உயிருடன் உள்ளார் என்னும் ஒரு சொற்றொடர். தீவில் பணியாற்றச் சென்ற மகனை எண்ணிக் கலங்கிய தாயும், கணவனைப் பற்றி ஒன்றும் அறியாத மனைவியும் பெருநிலத்தில் எத்தனையோ பேர். ஓர் எழுத்துப் பிழைத்தாலும் ஒரு வீட்டுச் செய்தி வேறொரு வீட்டுக்குச் சென்றுவிடும். வாழ்வார் வீட்டில் அழுகையும், மாண்டார் வீட்டில் மகிழ்ச்சியும் எழும். ஆகவே பெயர் எழுத்தெழுத்தாகச் சொல்லப்பட்டது. கேட்டவர் திருப்பிச் சொன்னார். சொன்னவர் ‘சரி’ என்றார். அதன் பின்னரே குறிப்பேட்டில் ஏறியது. நூறு குரல்களின் நடுவே ஒரு பெயரைப் பிரித்தெடுக்கப் பழகிய செவிகளும், பிழையின்றி எழுதப் பழகிய கைகளுமே அப்பணியைச் செய்தன. புதிதாக எவரும் பயிற்றப்படவில்லை. பயிற்றுவதற்கு நேரமும் இல்லை. செய்தியைப் பெற்ற பெருநிலத்து அன்பர் அதை உரிய வீட்டாருக்குத் தெரிவித்தார். இதற்கு எவரும் கூலி பெறவில்லை. பெறுதல் விதிக்கே முரண் அன்றோ?

பதினாறு திங்கள் கழிந்தன. 2006 ஏப்ரலில் போர்ட் பிளேரில் வானொலி அன்பர்களின் கூட்டம் ஒன்று நடைபெற்றது. பல நாடுகளிலிருந்து விருந்தினர் வந்தனர். ஆளுக்கொரு பெட்டியும் சுருள் கம்பியும் கொணர்ந்தனர். மரங்களிலும் மாடிகளிலும் கம்பிகள் ஏறின. ‘கேட்பார் எவரேனும் உளரோ?’ என்னும் பழைய அழைப்பு அத்தீவிலிருந்து மீண்டும் எழுந்தது. தொலைவிலுள்ள நாடுகளின் மாடியறைகளில் விளக்குகள் எரிந்தன, குறிப்பேடுகள் விரிந்தன.